ஒப்பந்தத்தின் நடுவே ஏறும் விலை

ஒருவர் ஒரு வீட்டை இரண்டாண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை இவ்வளவு என்று உறுதியில் எழுதப்படுகிறது. இரு தரத்தாரும் கையொப்பம் இடுகின்றனர். இடையில் வீட்டைவிட்டு வெளியேறினால் எஞ்சிய மாதங்களின் வாடகையையும் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஆறு மாதம் கழிந்ததும் வீட்டுக்காரர் வந்து, "வாடகை கூடிவிட்டது; உறுதியின் நாலாம் பக்கத்திலே அதற்கு வழி எழுதியிருக்கிறதே, நீர் பார்க்கவில்லையா?" என்று கேட்கிறார். குடியிருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். அங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. எத்தனை ரூபா என்று மட்டும் இல்லை. கூடிய வாடகையைக் கொடுக்கவும் இயலாது, வெளியேறவும் இயலாது என்ற நிலையில் அவர் என்ன செய்வார்?

இது கற்பனை. ஆனால் இதே அமைப்பில், வீட்டு வாடகைக்குப் பதிலாக இணையத் தொடர்புக்கும் தொலைக்காட்சிக்கும் செலுத்தும் மாதக் கட்டணத்தில், பிரித்தானியாவின் இல்லங்கள் பல ஆண்டுகளாகச் சிக்குண்டிருந்தன. அதன் வரலாற்றையும், அதைத் தீர்க்க அந்நாட்டார் மேற்கொண்ட முயற்சியையும், அம்முயற்சி எவ்வளவு தூரம் பயன் தந்தது என்பதையும் இன்று ஆராய்வோம். நம்மவருட் பலருக்குப் பிள்ளைகளோ சகோதரரோ இலண்டனிலும் அதனைச் சூழ்ந்த நகர்களிலும் குடியிருக்கின்றனர். ஆதலின் இவ்விடயம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

முதலில் அங்கே இத்தகைய ஒப்பந்தம் எவ்வாறு அமைகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். விரைவான இணையத் தொடர்பு, தொலைபேசி, பணம் கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி ஆகியவற்றைக் கம்பனிகள் தனித்தனியாகவும் விற்கின்றன. ஒரே பொதியாகக் கட்டியும் விற்கின்றன. வாடிக்கையாளர் 12 மாதம், 18 மாதம் அல்லது 24 மாதத்துக்குத் தம்மைப் பிணைத்துக்கொள்கிறார். சட்டம் அனுமதிக்கும் உச்ச எல்லை 24 மாதம். காலம் முடியுமுன் விலகினால், எஞ்சிய மாதங்களைக் கணக்கிட்டு விலகற் கட்டணம் அறவிடப்படும். இவ்வாறு பிணைத்துக்கொள்வதற்கு ஈடாகவே வாடிக்கையாளருக்குக் குறைந்த விலை கிடைக்கிறது. அதாவது, "நான் ஓடிப்போகமாட்டேன்" என்று ஒருவர் வாக்குக் கொடுக்க, "நான் இந்த விலைக்குத் தருவேன்" என்று மற்றவர் வாக்குக் கொடுக்கிறார். இவ்விரு வாக்குகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை மட்டும் தளர்த்தினால் ஒப்பந்தம் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

அந்நாட்டிலே தொலைத்தொடர்புத் துறையைக் கண்காணிக்கும் அதிகார சபையின் பெயர் ஒஃப்கொம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் இறுதியிலே அது கடமையேற்றது. நிலையான விலை என்று நம்பிக் கையொப்பமிட்டபின் கட்டணம் உயர்கிறது என்ற முறைப்பாடுகள் பெருகியபோது, 1957ஆம் ஆண்டு தொடக்கம் நுகர்வோருக்காகப் பேசிவரும் "விச்" என்னும் அமைப்பு 2012ஆம் ஆண்டிலே இதனை ஓர் இயக்கமாகவே நடத்தியது. அதன்பின் ஒஃப்கொம் ஒரு விதியை வகுத்து, 2014 ஜனவரி 23ஆந் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்புக்கொண்ட மாதக் கட்டணத்தைக் கம்பனி உயர்த்துமாயின், வாடிக்கையாளர் விலகற் கட்டணம் எதுவுமின்றி விலகலாம் என்பதே அவ்விதி.

இது நீதியான விதி என்பதில் ஐயமில்லை. ஒருவர் தம் வாக்கை மாற்றினால் மற்றவரும் தம் வாக்கிலிருந்து விடுபடுகிறார். ஆயினும் இவ்விதியில் ஒரு வாயில் திறந்திருந்தது. "ஒப்புக்கொண்ட கட்டணம்" என்பது யாது? வருங்கால உயர்வையும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அவ்வுயர்வும் ஒப்புக்கொண்டதாகிவிடும் அன்றோ? அப்போது அது மாற்றமன்று. ஒப்பந்தம் தன் வழியே நடப்பதாகும். வாடிக்கையாளருக்கு விலகும் உரிமையும் எழாது. கம்பனிகள் இவ்வாயிலைக் கண்டுகொண்டன.

எழுதுவதற்கு அவை தேர்ந்தெடுத்தது ஒரு தொகையை அன்று, ஒரு சூத்திரத்தை. பிரிட்டிஷ் ரெலிகொம் என்னும் பி.ரி. நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே தன் ஒப்பந்தங்களில் இச்சூத்திரத்தை அமைத்தது: ஆண்டுதோறும் மார்ச் முடிவிலே, நுகர்வோர் விலைச் சுட்டெண் எவ்வளவு ஏறியதோ அவ்வளவும், அதன்மேல் நூற்றுக்கு 3.9 வீதமும் கட்டணம் உயரும். வேறு பெருங்கம்பனிகளும் இதனையோ இதையொத்த சூத்திரங்களையோ பின்பற்றின.

நுகர்வோர் விலைச் சுட்டெண் என்றால் என்ன? பாண், பால், உடை, பயணச்சீட்டு முதலாக ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பலநூறு பண்டங்களையும் சேவைகளையும் ஒரு கூடையில் இட்டதாகக் கருதி, அக்கூடையின் விலை ஓராண்டில் எவ்வளவு ஏறியது என்று தேசியப் புள்ளிவிபர அலுவலகம் மாதந்தோறும் கணக்கிடுகிறது. டிசம்பர் மாதத்துக்குரிய எண் ஜனவரியில் வெளிவரும். அதையே கம்பனிகள் எடுத்துக்கொண்டன. ஓ-டூ என்னும் கைத்தொலைபேசிக் கம்பனியோ, இதிலும் பெரும்பாலும் உயர்ந்து நிற்கும் சில்லறை விலைச் சுட்டெண்ணைத் தன் அளவுகோலாக்கியது. அச்சுட்டெண் கணிக்கப்படும் முறையிலுள்ள குறைகள் காரணமாக, 2013ஆம் ஆண்டிலேயே அதற்கிருந்த தேசியப் புள்ளிவிபரம் என்ற தகுதி நீக்கப்பட்டிருந்தது.

சூத்திரம் பிறந்த வேளையில் அது தீங்கற்றதாகவே தோன்றிற்று. 2020 டிசம்பரில் விலையேற்றம் நூற்றுக்கு 0.6 வீதம் மாத்திரமே. அதனோடு 3.9ஐக் கூட்டினால் 4.5. முப்பது பவுண் கட்டுபவருக்கு ஒரு பவுண் 35 பென்ஸ் கூடும். பெரிதும் மனம் வருந்தமாட்டார். ஆனால் அடுத்த ஈராண்டுகளில் உலகம் மாறியது. 2021 டிசம்பரில் சுட்டெண்ணின் ஏற்றம் 5.4 வீதமாயிற்று, 2022 டிசம்பரில் 10.5 வீதமாயிற்று. எனவே 2022ஆம் ஆண்டில் கட்டணம் நூற்றுக்கு 9.3 வீதமும், 2023ஆம் ஆண்டில் 14.4 வீதமும் ஏறின. ஓ-டூ வாடிக்கையாளர் 2023இல் கண்ட ஏற்றம் 17.3 வீதம்.

ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். 2021 யூன் மாதத்தில் அக்குடும்பம் மாதம் 30 பவுணுக்கு 24 மாத ஒப்பந்தம் செய்கிறது. 2022 ஏப்பிரிலில் கட்டணம் 32 பவுண் 79 பென்ஸ் ஆகிறது. 2023 ஏப்பிரிலில், ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கையில், 37 பவுண் 51 பென்ஸ் ஆகிறது. ஒரே ஒப்பந்தத்தினுள் கட்டணம் காற்பங்கு ஏறிவிட்டது! 24 மாதத்துக்கு 720 பவுண் என்று எண்ணியிருந்த குடும்பம் 768 பவுண் 50 பென்ஸ் கட்டியது. இணையத்தின் வேகம் கூடவில்லை. சேவையில் எதுவும் புதிதாகச் சேரவில்லை. விறகும் விளக்கும் போல வீட்டுக்கு இன்றியமையாததாகிவிட்ட ஒன்றுக்கு, மின்சாரமும் உணவும் விலையேறி நின்ற அதே மாதங்களில், இம்மேலதிகப் பணத்தைத் தேடவேண்டியதாயிற்று. வேலை தேடுவதும், அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பிப்பதும், பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் இணையத்தின் வழியே நடைபெறும் நாட்டில், தொடர்பை வேண்டாமென்று துண்டித்துவிடுவது எளிய காரியமன்று.

கம்பனிகளின் பக்கத்தையும் நாம் கேட்கவேண்டும். சம்பளமும் மின்சாரச் செலவும் தமக்கும் ஏறுகின்றன என்றன அவை. நாடெங்கும் ஒளியிழைக் கம்பிகளைப் புதைக்கப் பெருமுதல் வேண்டும். மக்கள் இணையத்தைப் பாவிக்கும் அளவோ ஆண்டுக்காண்டு பெருகுகிறது. பிறருடைய கம்பிகளை வாடகைக்கு எடுத்துச் சேவை நடத்தும் கம்பனிகளுக்கு, அவ்வாடகையும் சுட்டெண்ணை ஒட்டியே ஏறுகிறது. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. சுட்டெண் அளவுக்கு உயர்வு கேட்பது, பணத்தின் பெறுமதி குறையும்போது அதை ஈடுசெய்வதாகும் என்று வாதிடலாம். ஆனால் அதன்மேல் வைத்த 3.9 வீதம், பண்டங்களின் விலை சிறிதும் ஏறாத ஆண்டிலும் கட்டணத்தை ஏற்றும் தன்மையது. அது முதலீட்டுக்கு என்று சொல்லப்பட்டது. முதலீட்டுக்கு வேண்டிய பணத்தைத் தொடக்க விலையிலேயே சேர்த்திருக்கலாமே என்ற கேள்விக்குத் தக்க மறுமொழி கிடைப்பது அரிது. தொடக்க விலையில் சேர்த்தால் விளம்பரத்தில் எண் பெரிதாகத் தோன்றும். பின்னால் சேர்த்தால் தோன்றாது. போட்டி மிக்க சந்தையிலே இவ்வேறுபாடு சிறியதன்று.

இங்கேதான் இவ்விடயத்தின் உயிர்நிலை இருக்கிறது. வருங்காலத்தில் விலைவாசி எவ்வாறு ஏறும் என்பதைப் பெரும் பொருளியலறிஞரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அந்நிச்சயமின்மையை யாராவது ஒருவர் சுமந்துதான் ஆகவேண்டும். கணக்காளரும் சட்டத்தரணிகளும் உள்ள பெருங்கம்பனி அதைச் சுமப்பதா, அல்லது மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் இல்லத்தார் சுமப்பதா? சூத்திரம் அச்சுமையை எளியவர் தோளுக்கு மாற்றியது. அதனை அவர் அறிந்து ஏற்றாரா என்றால், அதுவும் இல்லை. ஒஃப்கொம் நடத்திய ஆய்வொன்றில், இத்தகைய சுட்டெண்கள் எதை அளக்கின்றன என்பதே இணைய வாடிக்கையாளருட் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தெரியவில்லை என்று கண்டார்கள். விளங்காத ஒன்றுக்கு இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இதனை உணர்ந்த ஒஃப்கொம், 2023 டிசம்பரில் ஒரு புதிய பிரேரணையை வெளியிட்டு, 2024 யூலை 19ஆந் தேதி தன் முடிவை அறிவித்தது. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், வருங்காலப் பணவீக்கத்தோடு பிணைத்தோ, வீதக் கணக்காகவோ கட்டண உயர்வை எழுதுதல் ஆகாது. உயர்வு உண்டாயின் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ், எந்தத் தேதியில் என்பதை, வாடிக்கையாளர் இணங்குவதற்கு முன்னரே தெளிவாகவும் எடுப்பாகவும் கூறவேண்டும். அதற்கு முன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களை இவ்விதி தொடவில்லை. அவை பழைய சூத்திரத்தின்படியே தம் காலத்தை முடிக்க விடப்பட்டன.

இனி இவ்விதியின் எல்லையையும் அறிந்துகொள்வது நலம். நடுவில் விலையை உயர்த்துவதையே ஒஃப்கொம் தடுத்துவிட்டது என்று பலர் எண்ணினர். அப்படியன்று. மறைவாக உயர்த்துவதையே அது தடுத்தது. வெளிப்படையாக உயர்த்துவதைத் தடுக்கவில்லை. விதி நடைமுறைக்கு வருமுன்னரே, 2024ஆம் ஆண்டில், பி.ரி. நிறுவனம் புதிய இணைய வாடிக்கையாளருக்கு ஆண்டுதோறும் மாதக் கட்டணத்தில் 3 பவுண் உயரும் என்ற முறைக்கு மாறியது. பிறரும் அவ்வாறே மாறினர். 2025ஆம் ஆண்டிலேயே சில கம்பனிகள் புதிய ஒப்பந்தங்களில் அதை 4 பவுணாக எழுதத் தொடங்கின.

இத்தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. 2024 டிசம்பரில் சுட்டெண்ணின் ஏற்றம் நூற்றுக்கு 2.5 வீதம். பழைய சூத்திரத்தின்படி 2025இல் கட்டணம் 6.4 வீதமே ஏறியிருக்கும். 30 பவுண் கட்டுபவருக்கு அது ஒரு பவுண் 92 பென்ஸ். புதிய முறையிலோ அவருக்கு 3 பவுண். ஏறத்தாழ 47 பவுணுக்குக் குறைவாகக் கட்டும் எவருக்கும் அவ்வாண்டில் புதிய முறையே பாரமாயிற்று. மேலும், 60 பவுண் கட்டும் செல்வருக்கும் 3 பவுண். 20 பவுண் கட்டும் ஏழைக்கும் 3 பவுண். முன்னவருக்கு அது நூற்றுக்கு 5. பின்னவருக்கு நூற்றுக்கு 15. விலைவாசி கடுமையாக ஏறும் ஆண்டில் நிலையான தொகை ஒரு கவசம். அமைதியான ஆண்டில், சிறிய பொதியை வாங்கியவருக்கு அதுவே சுமை. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: இச்சுமையின் நிறையைத் தூக்குவதற்கு முன்னரே அறியலாம், வேறொரு கம்பனியின் சுமையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

விதியின் மற்றோர் எல்லையை 2025 ஒக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. மாதம் ஒரு பவுண் 80 பென்ஸ் உயரும் என்று முன்பு சொல்லியிருந்த ஓ-டூ கம்பனி, அவ்வுயர்வை 2 பவுண் 50 பென்ஸாக்குவதாக அறிவித்தது. இது விதியின் நோக்கத்துக்கு ஒவ்வாதது என்று ஒஃப்கொம் தன் ஏமாற்றத்தை வெளியிட்டது. ஆனால் தடுக்க முடியவில்லை. சொன்னதைவிடக் கூடுதலாக உயர்த்தும்போது, வாடிக்கையாளர் 30 நாளினுள் தண்டமின்றி விலகலாம் என்ற பழைய உரிமையே அங்கு மருந்தாயிற்று. விலகும் உரிமை நல்லதுதான். ஆனால் கடிதம் வந்ததைக் கவனித்து, நாளை எண்ணி, வேறிடம் தேடிப் போகிறவருக்கே அது பயன்படும். முதியவர்களும் ஓய்வில்லா உழைப்பாளரும் அக்கடிதத்தைப் படிக்காமலே விட்டுவிடுவதுண்டு.

இந்நிலையில் அங்குள்ள இல்லத்தார் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தை மதிப்பிடலாகாது. முழுக்காலத்துக்கும் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் ஏப்பிரிலில் 3 பவுண் ஏறும் என்று எழுதிய, 30 பவுணில் தொடங்கும் 24 மாத ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அதைத் தொடங்கியவர் மொத்தம் 816 பவுண் கட்டவேண்டியவராகிறார். அதையே மே மாதத்தில் தொடங்கியவர் 762 பவுணோடு தப்புகிறார். பொருளும் ஒன்று, விளம்பரத்திலுள்ள விலையும் ஒன்று. தொடங்கிய மாதம் வேறானதால் 54 பவுண் வேறுபட்டது. இக்கூட்டலைச் செய்ய ஒரு துண்டுக் காகிதம் போதும்.

இரண்டாவது, பொதியாக வாங்கும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி உயர்வு உண்டா என்று கேட்கவேண்டும். இணையத்துக்கு 3 பவுண், தொலைக்காட்சிக்கு 2 பவுண், கைத்தொலைபேசிக்கு இன்னொன்று என்று எழுதியிருந்தால், ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றினாலும் வீட்டுக்கு வரும் பற்றுச்சீட்டு ஒன்றேயாகும். மூன்றாவது, கையொப்பத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கத்தைத் தரவேண்டியது கம்பனியின் கடமை. அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும். தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாளினுள் மனம்மாறி நீக்கவும் உரிமையுண்டு. நான்காவது, காலம் முடியும் நாளை நாட்காட்டியிற் குறித்துவைக்க வேண்டும். முடிவு நெருங்குவதைக் கம்பனி 10 முதல் 40 நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்பது 2020 பெப்ரவரி முதல் விதி. அன்று விலகற் கட்டணமில்லை. பேரம் பேச உகந்த வேளை அதுவே. 2024 செப்டெம்பர் முதல், புதிய கம்பனியிடம் மட்டும் சொன்னாற் போதும். பழைய தொடர்பை முடித்துவைக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அரசாங்க உதவிப்பணம் பெறும் குடும்பங்களுக்கென்று சமூகக் கட்டணம் என்ற குறைந்த விலைத் திட்டத்தைப் பல கம்பனிகள் நடத்துகின்றன. பெரும்பாலும் அவற்றில் இடைநடுவே விலை ஏறுவதில்லை. ஆனால் தகுதியுடையோரிற் பெருந்தொகையினர் இப்படி ஒன்று உண்டென்று அறியாமல் முழுவிலையையே கட்டிவருகின்றனர். அந்நாட்டில் உறவினர் உள்ள நேயர்கள், அடுத்த முறை பேசும்போது, விசேடமாகத் தனித்து வாழும் முதியோரிடம், இதனை ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நன்று.

விலை ஏறவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காலம் மாறும்போது விலையும் மாறும். ஆனால் ஒருவரைக் கட்டிவைத்துக்கொண்டு, கட்டியவர் மாத்திரம் கையை வீசி நடப்பது வியாபாரமுமன்று, நீதியுமன்று. பிரித்தானியாவின் விதி, சுமையை இன்னும் இறக்கிவைக்கவில்லை. அதன் நிறையைச் சீட்டில் எழுதச் செய்திருக்கிறது. எழுதியதைப் படிப்பதும், கூட்டிப் பார்ப்பதும், வேண்டாமெனில் மறுப்பதும் இனி வாங்குவோர் கையில் இருக்கின்றன.